வெள்ளிக் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரம்

துணியை எடுக்கக் கூடாது. பன்னிரண்டரை வரைக்கும் எடுக்கக் கூடாது என்று சொன்னது நான், எனக்கு நானே சொல்லிக்கொண்டது, ஆகவே மீறினாலும் கேட்க ஆளில்லை, ஆபத்து அதுதான். துணிக்குப் பின்னால் கணினித் திரை. திரை வெளிச்சம் பட்டால் கருவி குழம்பிவிடும் என்று நாலு வருடமாகக் கருப்புத் துணி போட்டு மூடுகிறோம், இன்றைக்கு மட்டும் அந்தத் துணி எனக்காகவும் கிடக்கிறது. உள்ளே ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கும். புற ஊதா விளக்கு ஒரு தடவை வெட்டும், தட்டின் மேலிருக்கும் யூரோப்பியம் என்ற தனிமத்தின் அணுக்கள் கிளர்ந்துகொள்ளும், பிறகு ஒவ்வொன்றாகச் சிவப்பை விட்டுவிட்டு அடங்கும். ஒவ்வொரு சிவப்பும் எத்தனை மைக்ரோ செகண்ட் கழித்து வந்தது என்று கருவி எண்ணும். மறுபடி வெட்டு, மறுபடி எண்ணு. இரண்டு மணி நேரம் எண்ணினால்தான் நம்பும்படியாக ஒரு எண் வரும். பத்தரைக்கு ஆரம்பித்தேன். நடுவில் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிடித்த எண் வந்திருந்தால் போதும் என்று நிறுத்துவேன், பிடிக்காத எண் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்பேன். முதல் வருடம் அப்படிச் செய்து ஆய்வு வழிகாட்டி சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. இருட்டில் வாட்ச் முள் தெரிகிறது. பதினொன்று இருபது. மின்விசிறி கிடையாது, ஏ.சி. இந்த அறைக்கு எப்போதோ செத்துப்போயிற்று, கழுத்து வழியாக வியர்வை முதுகுக்கு இறங்குகிறது, நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. எழுந்தால் கை துணிக்குத்தான் போகும்.

அணு தன்னிச்சையாக ஒளியை விடும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது, எம்.எஸ்ஸியில் அடிக்கோடு போட்டுப் படித்தேன். தன்னிச்சையாவது ஒன்றாவது. அதே அணுவை வெறும் கண்ணாடித் தட்டில் வைத்தால் ஒரு நேரம், வெள்ளிப் பூச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னொரு நேரம், கொஞ்சம் தள்ளி வைத்தால் வேறொரு நேரம். அணு மாறவில்லை, சுற்றி இருப்பதுதான் மாறியது. அது விடப்போகும் ஒளி போய் வெள்ளியில் மோதித் திரும்பி வந்து அதன் மேலேயே படுகிறது, படும் நேரத்தைப் பொறுத்து அதற்கு அவசரமோ தயக்கமோ வந்துவிடுகிறது. என்ன பெரிய தன்னிச்சை, நம் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சுதந்திரம் மாதிரி. அம்மா போன வாரம்கூடக் கேட்டாள், எப்ப முடியும் தமயந்தி, பக்கத்து வீட்ல கேக்கறாங்க. பக்கத்து வீட்டில் கேட்காவிட்டால் அம்மாவும் கேட்க மாட்டாள். சரி, அது கிடக்கட்டும். வெள்ளியிலிருந்து அணுவைத் தள்ளி வைக்கத்தான் இத்தனை பாடு. தண்ணீர்த் தொட்டியின் மேல் கொழுப்பு அமிலத்தை ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பிவிட்டு, வெள்ளி பூசிய தட்டை நிதானமாக முக்கி எடுத்தால், இறங்கும்போது ஒன்று ஏறும்போது ஒன்று, இரண்டு அடுக்கு ஒட்டிக்கொள்ளும். மறுபடி முக்கினால் இன்னும் இரண்டு. பத்து முக்கு, இருபது முக்கு, நூறு வரைக்கும் பத்துத் தட்டுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் யூரோப்பிய அடுக்கு ஒன்று. தூரம் கூடக் கூட நேரம் ஏறும், இறங்கும், ஏறும், அலை மாதிரி வரும் என்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் வந்தது, ஆனால் நெருக்கமாக வந்தது. கணக்குச் சொல்கிற தூரத்தைவிடப் பதினொன்றில் ஒரு பங்கு குறைவான தூரத்திலேயே ஏறி இறங்கியது. அப்படியென்றால் அந்தப் படலத்துக்குள் ஒளியின் அலைநீளம் குறுகியிருக்க வேண்டும், படலத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றரை இல்லை, ஒன்று புள்ளி ஆறு ஐந்து. கையால் மெதுவாக முக்குவதால் மூலக்கூறுகள் யாருக்கும் வாய்க்காத நெருக்கத்தில் அடுக்கிக்கொண்டன என்று சார் சொன்னார். இருதயராஜ் சார் ஒரு விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான், கரும்பலகையில் ஒன்று புள்ளி ஆறு ஐந்து என்று எழுதி வட்டம் போட்டார், இன்னும் அழிக்கவில்லை. ஆய்விதழில் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அச்சுப் பிரதியைத் திருத்தி இன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அதை நம்பித்தான் வெளிநாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரண்டு வருட வேலை என்று கடிதம் வந்திருக்கிறது, அப்பா அதை லேமினேட் செய்துவிட்டார். பதினொன்றில் ஒன்று. ஒன்றரையைப் பதினொன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு ஐந்து, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இவ்வளவு சுத்தமாக ஒரு எண் வந்தால் இயற்கையைச் சந்தேகப்படக் கூடாது, மனுஷரைச் சந்தேகப்பட வேண்டும். எட்டு மாதம் நான் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன், மண்டு.

பூவில்தான் மாட்டிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழக வாசல் பஸ் ஸ்டாப்பில். பவுனக்கா எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். அவருடைய கணவர் பார்த்த வேலை, அவர் இறந்தபின் ஒப்பந்தத்தில் இவருக்குக் கொடுத்தார்கள், வருடா வருடம் ஏப்ரலில் சார் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். அதற்கு முன்னால் காந்தி மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டி விற்றவர், இப்போதும் நாலரைக்கு மேல் வாசலில் கூடையோடு உட்கார்ந்துவிடுவார். முக்குகிற வேலை முழுக்க அவருடையது. தொட்டியின் மோட்டார் இரண்டு வருடம் முன்பு எரிந்துபோனபோது அதோடு முக்குகளை எண்ணும் கருவியும் போயிற்று, கைச் சக்கரம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தோம், எனக்குக் கை நடுங்கியது, சாருக்குப் பொறுமை இல்லை, பவுனக்கா ஒரு தடவை சுற்றிக் காட்டினார், தண்ணீர் சுளிக்கவே இல்லை. பத்து முக்குக்குப் படலம் அநேகமாகத் தீர்ந்துவிடும், புதிதாகப் பரப்ப வேண்டும், அப்போது சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐந்து கோடு என்றால் ஐம்பது. உள்ளே வேறு ஆள் நடமாடினால் காற்று ஆடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் மட்டும் இருப்பார், நான் வெளியே உட்கார்ந்திருந்து, முடிந்தபின் உள்ளே போய்ச் சுவரின் கோடுகளை நோட்டில் ஏற்றிக்கொள்வேன். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒன்று, இன்னொன்று, அதற்கு மேல் நாலு விரல் விட்டு நறுக்கினார். எதுக்குக்கா கூட என்றேன், சும்மாதான் கேட்டேன், பஸ் வந்துகொண்டிருந்தது. "கொசுறும்மா. அளந்தத அளந்தபடியே குடுக்க மனசு வருமா?" பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிக்கெட் வாங்கினேன். சத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் ஒன்றும் இல்லை, இறங்கும்போது படியில் கால் வைத்த நேரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பத்துக்கும் கொஞ்சம் படலம் மிச்சம் இருக்கும், எனக்கே தெரியும், தண்ணீர் மேல் மினுக்கென்று கிடக்கும். அதை வீணாக்க அவருக்கு மனசு வருமா? பின்னால் வந்தவர் இறங்கும்மா இறங்கு என்று கத்தினார். பூ கையிலேயே இருந்தது, அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் கேட்டிருக்கலாம். ஒரே கேள்வி. ஆனால் அளக்காமல் கேட்டால் கேள்விக்குப் பின்னால் என் முகம் இருக்கும், முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் இல்லம்மா என்று சொல்லிவிடுவார், அப்புறம் நான் காலமெல்லாம் அந்த இல்லம்மாவைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். அதனால் பொங்கல் லீவில் ஊருக்குப் போகவில்லை. மூன்று நாள் நானே முக்கினேன். முதல் இரண்டு தட்டு நடுக்கத்தில் பாழ், மூன்றாவது தேறியது. சக்கரத்தைச் சுற்றும்போது வாய்விட்டு எண்ணினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டேன், கடைசியில் கொட்டி எண்ணினால் ஐம்பது, மறுபடி எண்ணினால் ஐம்பது. அந்தத் தட்டுதான் இப்போது உள்ளே இருக்கிறது. ஐம்பதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு, அந்த இடத்தில் அலை சரிவாக இறங்குகிறது, தூரத்தில் கொஞ்சம் பிசகினாலும் நேரத்தில் நன்றாகத் தெரியும். பழைய ஐம்பது முக்குத் தட்டு எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு மைக்ரோ செகண்ட். என் தட்டும் அதையே சொன்னால் கண்டுபிடிப்பு பிழைத்தது, நான் பவுனக்காவின் காலில் மனசுக்குள் விழுந்துவிட்டு அச்சுப் பிரதியை அனுப்பிவிடலாம். தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு மேல் போனால், ஒன்று புள்ளி ஆறு ஐந்து என்று ஒன்று இல்லவே இல்லை. பதினொன்று ஐம்பது. துணியின் ஓரத்தில் திரை வெளிச்சம் நூல் அளவுக்குக் கசிகிறது. எண் வலது மூலையில் இருக்கும். தலையை இரண்டு அங்குலம் சாய்த்தால் போதும். சாய்க்க மாட்டேன். எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேனா? வேண்டிக்கொள்கிறேன், யாரை ஏமாற்ற, உடம்பு முழுக்க அதைத்தான் வேண்டுகிறது. வேண்டிக்கொண்டே இருக்கட்டும். அது பாட்டுக்கு வேண்டட்டும், கருவி பாட்டுக்கு எண்ணட்டும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குரல் வருகிறது, அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். உலகத்தில் இன்னொரு கிறுக்கு உட்கார்ந்து கையால் நூறு முக்கு முக்கி இதைச் சரிபார்க்கப்போவதில்லை. மோட்டார் வைத்து முக்குகிறவர்களுக்கு ஒன்றரைதான் வரும், அப்போது நாங்கள், கையால் செய்தால் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும் என்போம், எங்கள் கையை யார் வந்து அளப்பது? வாழ்நாள் முழுக்கத் தப்பிக்கலாம். அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபமே வருகிறது. பொய் அவ்வளவு சௌகரியமாகப் பாய் விரித்துப் போட்டு வைத்திருக்கிறது. படுக்க மாட்டேன். பயம் இல்லையென்று இல்லை. சாரின் அறை இங்கிருந்து நாற்பது அடி, நாலு வருடத்தில் அங்கே நான் உட்கார்ந்ததில்லை, எதிர் நாற்காலியில் எப்போதும் ஒரு காகிதக் கட்டு இருக்கும், நின்றுதான் பேச வேண்டும். அவர் முன்னால் நின்றால் தெரிந்த விடைகூட எனக்குத் தாமதமாகத்தான் வரும். பவுனக்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்வதை அவரிடம் மூன்று நாள் வைத்திருந்து சொல்வேன். பல தடவை அதற்குள் அவராகவே கண்டுபிடித்துவிடுவார். சுற்றி இருப்பதைப் பொறுத்ததுதான் எல்லாம் என்று ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் யூரோப்பியம் இல்லை, எனக்குக் கால் இருக்கிறது, நாற்பது அடி நடந்து போய்ச் சொல்ல முடியும். சொன்னால் சார் முதலில் என்ன கேட்பார் என்பதும் தெரியும். யார் எண்ணினது? குவார்ட்ஸ் குடுவையைக் கீழே போட்ட இன்னொரு உதவியாளரை மறுநாளே அனுப்பினவர். ஏப்ரலுக்கு இன்னும் மூன்று மாதம்தான். பவுனக்காவின் மகள் இப்போதுதான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நான்தான் முக்கினேன் என்று பொய் சொல்லலாம், ஆனால் ஒரு பொய்யைத் துடைக்கப் போய் இன்னொன்றைப் பூசிவிட்டு வருவதா? வேண்டாம். உண்மையில் என்ன நடந்ததோ அதற்கு ஒரு சரியான வாக்கியம் இருக்கும். கட்டுரையில் ஒரு வரிக்கு ஒன்பது தடவை மாற்றி எழுதுகிறேன், இதற்கு ஒன்று கிடைக்காதா என்ன. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு இருபத்தைந்து. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் பாட்டில் வெளியே இருக்கிறது. இருக்கட்டும்.

பன்னிரண்டரை. துணியை எடுத்தேன். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. பிழை வரம்பு நாலு. கருவியை மறுபடி கணக்குப் போடச் சொன்னேன், தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. பழைய தட்டுகளின் தூரத்தையெல்லாம் பதினொன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்துப் போட்டுப் பார்த்தேன், பத்துப் புள்ளிகளும் ஒன்றரைக்கான கோட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன, ஒன்றுகூட விலகவில்லை. இவ்வளவு சுத்தமான அளவை நான் வேறு எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. அணு எல்லோருக்கும் என்ன செய்யுமோ அதையேதான் எங்களுக்கும் செய்திருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன், ஒரு நிமிடம் இருக்கும். பிறகு துணியை மடித்து வைத்தேன்.

கதவைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பவுனக்கா வெளி அறையில் குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "என்னா பாப்பா, இப்படி வேத்து ஊத்திருக்கு? இந்தா, தண்ணியக் குடி மொதல்ல." குடித்தேன். "அக்கா, ஒரு கோட்டுக்கு எத்தன தடவ முக்குவீங்க?" என்று கேட்டேன். குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு மணி நேரம் யோசித்திருந்தேன், அது பாட்டுக்குச் சாதாரணமாகவே வந்தது. "பத்துதான். நீதான சொன்ன?" "பத்து மட்டுமா?" அவர் சிரித்தார். "பத்து முக்குவேன், அதுக்கு மேல கொசுறு ஒண்ணு. தண்ணி மேல கொஞ்சம் நிக்குமே, அத ஏன் கொட்டுவானேன்? எப்பவும் ஒண்ணுதான், ரெண்டு போட மாட்டேன். ஒரு தட்டுக்குப் போட்டு ஒரு தட்டுக்கு வுட்டா அது ஓரவஞ்சன இல்லியா?" என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த குடுவை நின்றது. "ஏம்மா, தப்பா? கொறையாத்தான் இருக்கக் கூடாதுன்னு..." "கொறையல அக்கா. ஒண்ணுகூடக் கொறையல. ஒரு தட்டு தவறாம போட்டீங்க பாருங்க, அதுனாலதான் பத்துத் தட்டும் உருப்படியா இருக்கு. நான் போய் சார்ட்ட பேசிட்டு வரேன்." "நானும் வரட்டா?" "வேணாம்." அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். பயம் மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டது, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாற்பது அடி. எண்ணிக்கொண்டே நடந்தேன், முப்பத்தாறுதான். சார் அச்சுப் பிரதியை எதிரில் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவால் காற்புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நாற்காலியில் காகிதக் கட்டு. நின்றபடியே சொன்னேன், முன்னுரை எதுவும் வைக்கவில்லை, வைத்தால் அதிலேயே நின்றுவிடுவேன். "சார், ஒண்ணு புள்ளி ஆறு அஞ்சு இல்ல சார். ஒன்றரைதான். நம்ம தட்டெல்லாம் பத்துக்குப் பதினொண்ணு முக்கியிருக்கு. லீவுல நானே ஐம்பது முக்கி அளந்து பாத்தேன், தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு." அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் கரும்பலகையில் வட்டத்துக்குள் அந்த எண் அப்படியே இருந்தது. பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, தலையைத் தூக்காமல் கேட்டார். "யாரு எண்ணினது?"

"எண்ணினவங்க சரியாத்தான் சார் எண்ணினாங்க. பதினொண்ணு முக்குனது அவங்களுக்குத் தெரியும், ஒரு தட்டுலகூட அது மாறல. நேத்து கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பாங்க. கேக்காம, நின்னு பாக்காம, பத்துன்னு எழுதினது நான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வழக்கமாக அந்த மௌனத்தில் நான் சாரி சார் என்று போட்டு நிரப்புவேன், இன்றைக்கு நிரப்பவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், எட்டாவது உதையில் கிளம்பியது. "இது போச்சுன்னா அந்த வெளிநாட்டு வேலையும் போகும். தெரியுமில்ல?" "தெரியும் சார்." "தெரிஞ்சுதான் லீவுல உக்காந்து முக்கினியா?" "ஆமா சார்." பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து, நாற்காலியிலிருந்த காகிதக் கட்டைத் தூக்கித் தரையில் வைத்தார், நாற்காலியைத் தன் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"உக்காரு," என்றார். "அஞ்சு மணிக்குள்ள ஜர்னலுக்கு எழுதணும். தலைப்புலேர்ந்து ஆரம்பிப்போம்."

உட்கார்ந்தேன். சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். தலைப்பை அடித்தேன்.